வாழைக்கறையும் சிசிடிவி கேமராவும்

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணியினரே, வணக்கம்.

'பழைய பிரிட்டிஷ் துப்பறியும் நாவல் இன்றும் படிக்கத் தக்கதா, காலாவதியானதா?' என்பது தலைப்பு. தக்கதே என்று பேச வந்திருக்கிறேன். நான்கு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தேன். எதிரணித் தம்பி பேசியதைக் கேட்டதும் அதை மடித்து வைத்துவிட்டேன். அவர் சொன்ன ஒரு வரிக்குக் கூரை அதிரக் கை தட்டினீர்களே, அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லாமல் நான் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

என்ன சொன்னார் தம்பி? "அந்தப் பங்களா வாசலில் ஒரே ஒரு சிசிடிவி கேமரா மாட்டியிருந்தால் ஐந்நூறு பக்க நாவல் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும்" என்றார்.

சரி, மாட்டிப் பார்ப்போம். எந்தப் பங்களா என்று தம்பி சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் ஒரு பங்களா. வில்கி காலின்ஸ் எழுதிய 'தி மூன்ஸ்டோன்'. 1868ஆம் ஆண்டு, சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் ஜனவரி தொடங்கி ஆகஸ்டு வரை தொடராக வந்த கதை. ஆங்கிலத் துப்பறியும் நாவல்களின் குடும்பத்தில் மூத்தவர்களின் வரிசையில் உட்காரும் நாவல். ரேச்சல் என்ற பெண்ணுக்குப் பதினெட்டாவது பிறந்தநாளன்று ஒரு மஞ்சள் வைரம் பரிசாக வருகிறது. அன்றிரவே காணாமல் போகிறது. விடிந்து பார்த்தால் கதவு, ஜன்னல் எல்லாம் பூட்டியது பூட்டியபடி இருக்கின்றன.

இப்போது தம்பியின் கேமராவைப் பார்ப்போம். அதில் யார் தெரிவார்கள்? மாலையில் வித்தை காட்ட வந்த மூன்று இந்தியர்கள் தெரிவார்கள். நாவலிலும் முதலில் அவர்களைத்தான் பிடித்தார்கள். இரவு பதினொரு மணிக்குள் ஊரில் தங்கள் விடுதிக்குத் திரும்பிவிட்டார்கள் என்பதற்குச் சாட்சி இருந்தும் ஒரு வாரம் சிறையில் வைத்தார்கள். அவர்கள் வைரத்தை எடுக்கவில்லை தம்பி! உங்கள் கேமரா மூன்று நிரபராதிகளை உள்ளே தள்ளியிருக்கும். எடுத்தது யார் என்பதைக் கடைசிவரை காட்டியிருக்காது, ஏனென்றால் எடுத்த கை வீட்டுக்குள்ளேயே இருந்தது.

யாருடைய கை? நான் சொல்ல மாட்டேன். நடுவர் ஐயா கேட்டாலும் சொல்ல மாட்டேன். படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வீட்டில் வேறொரு சாட்சி இருந்தது. ரேச்சலின் அறைக் கதவுக்கு அன்றுதான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வேலை முடிந்தது. காய்வதற்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். நள்ளிரவில் வேலைக்காரப் பெண் பார்த்தபோது கதவு சுத்தமாக இருந்தது. காலையில் பூட்டுக்குக் கீழே சின்னதாக ஓர் இழுப்பு. காய்ந்த பிறகு இழுப்பு விழாது. ஆகவே இரவு பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் எவருடைய ஆடையோ அதில் உரசியிருக்கிறது. உள்ளூர் போலீஸ் அதிகாரி என்ன செய்தார்? கூடி நின்ற வேலைக்காரிகளின் பாவாடை பட்டிருக்கும், அற்ப விஷயம் என்று தள்ளிவிட்டார். பிறகு லண்டனிலிருந்து சார்ஜென்ட் கஃப் வந்தார். என் அனுபவத்தில் அற்ப விஷயம் என்ற ஒன்றை நான் இதுவரை சந்தித்ததே இல்லை என்றார். பெயிண்ட் பட்ட ஆடையைத் தேடினார்.

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் ஓர் எழுத்துத் தெரியாது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் பழைய புத்தகக் கடையில் இந்த நாவலை வாங்கி வந்தேன். தினமும் இரவு கொஞ்சம் படிப்பேன், படித்ததை அம்மாவுக்குத் தமிழில் கதையாகச் சொல்வேன். அது புளி சீசன். அம்மா முற்றத்தில் சாக்கை விரித்துப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே கேட்பாள். கதவில் பெயிண்ட் இழுப்பு இருந்ததைச் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

"ஏன் கண்ணு, அந்தப் பெயிண்ட் துணியில் பட்டால் போகுமா?"

"போகாது அம்மா."

"வாழைக்கறை மாதிரியா?"

"வாழைக்கறை மாதிரித்தான்."

"அப்படியென்றால் அந்த வீட்டில் துணி துவைக்கிறவளைக் கேட்கச் சொல். எத்தனை துணி போட்டார்கள், எத்தனை திரும்பி வந்தது என்று அவளுக்குத் தெரியும்."

நடுவர் அவர்களே, நான் அதற்கு மேல் படித்திருக்கவில்லை. அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினேன். சார்ஜென்ட் கஃப் கேட்கிறார்: "சலவைக் கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள்." நான் போட்ட கூச்சலில் தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார். லண்டன் போலீசின் மூளையும் எங்கள் முற்றத்தில் புளி ஆய்ந்த மூளையும் ஒரே இடத்தில் போய் நின்றன!

மறுபடியும் சொல்கிறேன், தம்பி நன்றாகக் கேட்க வேண்டும். அம்மா கேமராவைக் கேட்கவில்லை, காவல்காரனைக்கூடக் கேட்கவில்லை. துணி துவைக்கிறவளைக் கேட்டாள். எங்கள் வீட்டில் எட்டுப் பேர் துணியைக் கல்லில் அடித்துத் துவைத்தவள் அம்மா. எந்தக் கறை எந்தச் சட்டையில் எப்படி வந்தது என்பது அவளுக்குத் தெரியும். எங்கள் சித்தப்பா சீட்டாடப் போன நாள், அண்ணன் பள்ளிக்குப் போகாமல் மாந்தோப்புக்குப் போன நாள், எல்லாவற்றையும் துணியைப் பிழியும்போதே கண்டுபிடித்தவள்.

இது கதாசிரியர் தம் வசதிக்குச் செய்த கற்பனை என்று தம்பி எழுந்து சொல்லலாம். 1860இல் இங்கிலாந்தில் ரோட் என்ற கிராமத்தில் உண்மையிலேயே இப்படி ஒன்று நடந்தது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று நள்ளிரவில் கொல்லப்பட்டது. லண்டனிலிருந்து ஜொனாதன் விச்சர் என்ற துப்பறிவாளர் போனார். அந்த வீட்டின் மூத்த தாரத்து மகளான பதினாறு வயது கான்ஸ்டன்ஸிடம் மூன்று இரவு உடைகள் இருந்ததாகக் கணக்கு. ஒன்று காணவில்லை. அது கூடையில் வரவே இல்லை என்றாள் துணி துவைக்கும் பெண். பெரிய வீட்டுப் பெண்ணைச் சந்தேகிப்பதா என்று விச்சர் மேல்தான் நாடு பாய்ந்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1865இல், அந்தப் பெண்ணே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். காணாமல் போன அந்த இரவு உடைதான் காலின்ஸின் கதைக்குள் வந்தது.

வெள்ளைக்காரர் வீட்டுக் களவு நமக்கு எதற்கு என்று இன்னொருவர் கேட்டார். அந்த வைரம் யாருடையது ஐயா? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த நாளில் ஓர் ஆங்கில அதிகாரி கொலை செய்து கொள்ளையடித்த வைரம். நாவலின் முதல் களவு அதுதான். 1857 சிப்பாய்க் கலகத்தின் கோபம் இங்கிலாந்தில் ஆறாத காலத்தில், திருடன் எங்கள் ஆள் என்று முதல் சில பக்கங்களிலேயே எழுதினார் ஓர் ஆங்கிலேயர். இதற்கு இது போதும். நான் அம்மாவிடம் திரும்ப வேண்டும்.

சலவைக் கணக்குப் புத்தகம் கேட்டார் அல்லவா? அதைக் கொண்டுவந்து கொடுத்தவள் ரோசன்னா. வீட்டு வேலைக்காரி. ஒரு காலத்தில் திருடிச் சிறைக்குப் போனவள், திருந்தி வேலைக்கு வந்தவள். ஒரு தோள் மற்றதைவிடப் பெரிதாக இருக்கும். அந்த வீட்டிலேயே அழகில்லாதவள் என்று எழுதியிருக்கிறது. யாரும் அவளை நிமிர்ந்து பார்த்ததில்லை. அவள் கடையில் துணி வாங்கி, அறைக் கதவைத் தாழிட்டு, இரவெல்லாம் விளக்கு வைத்துப் புதிய இரவு உடை ஒன்று தைக்கிறாள். அம்மா உடனே சொன்னாள்: "இவள் திருடவில்லை கண்ணு. யாரையோ காப்பாற்றுகிறாள்."

சில நாள் கழித்து ரோசன்னா கடற்கரைப் புதைமணலில் இறங்கி உயிரை விட்டுவிட்டாள் என்று படித்துச் சொன்னேன். அவளுக்கு ஒரே ஒரு சிநேகிதி, லூசி, மீனவர் வீட்டுப் பெண், கால் ஊனம். ரோசன்னா போன பிறகு லூசி சொல்கிறாள்: நாங்கள் இருவரும் லண்டனுக்குப் போய், அக்கா தங்கையாக இருந்து, தையல் வேலை செய்து பிழைப்பதாக இருந்தோம். இதைச் சொன்னதும் அம்மா கொட்டை எடுப்பதை நிறுத்திவிட்டாள். வெகு நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அத்தனை பேர் இருந்த வீட்டில், ஏன் கண்ணு, முகம் வாடியிருக்கிறது, சாப்பிட்டாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையா?"

தம்பி, நான் தர்க்கம் பேசத்தான் வந்தேன். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகு அம்மா ஒன்று செய்தாள். "அந்தப் பெண்ணின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது, காட்டு" என்றாள். காட்டினேன். ஈரம் காயாத விரலை அந்த எழுத்துகளின் மேல் வைத்தாள். படிக்கத் தெரியாத எழுத்துகள். வைத்தபடியே இருந்தாள்.

அம்மா இறந்து மூன்று ஆண்டு ஆகிறது. இதோ, அந்தப் புத்தகம். இந்தப் பக்கத்தில் ரோசன்னாவின் பெயர் மேல் பழுப்பாக ஒரு கறை இருக்கிறது, பாருங்கள். புளிக்கறை. இருபத்தாறு ஆண்டாகப் போகவில்லை.

தீர்ப்பு எப்படி வந்தாலும், கூட்டம் முடிந்ததும் இந்தப் புத்தகத்தைத் தம்பியிடம் கொடுக்கப்போகிறேன். மெதுவாகப் படியுங்கள். படித்துவிட்டு மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் தம்பி. வணக்கம்.