ஒரே லைன்ல கிராண்ட் பியானோ: 40 ரூபா ஜாக் பண்ற வேலை

வணக்கம் மக்களே. இன்னிக்குக் கொஞ்சம் கோவமாத்தான் ஆரம்பிக்கிறேன். முகூர்த்த சீசன். வடபழனிலேர்ந்து தாம்பரம் வரைக்கும் எந்த மண்டபத்துல பார்த்தாலும் மெல்லிசைக் கச்சேரி. ஸ்டேஜ்ல நிக்கிறது லட்ச ரூபா தாண்டின கீபோர்டு, வாசிக்கிறவர் கையும் சுத்தம். ஆனா கிராண்ட் பியானோ மட்டும் தகர டப்பாக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி கேக்குது. எனக்கு இதைக் கேட்டா தாங்கவே முடியல.

காரணம், மிக்ஸர்ல கீபோர்டுக்குக் குடுக்கிறது ஒரே ஒரு லைன். நம்ம பேட்ச், அதாவது கீபோர்டுல தேர்ந்தெடுக்கிற சத்தம், ஸ்டீரியோ: இடது, வலதுனு ரெண்டு லைன். பியானோவை ரெக்கார்டு பண்ணும்போது ரெண்டு மைக் வைக்கிறாங்க. ஒரே கம்பியோட சத்தம் ரெண்டு மைக்குக்கும் கொஞ்சம் முன்னப் பின்னப் போய்ச் சேரும். 34 சென்டிமீட்டர் வித்தியாசம்னா 1 மில்லி செகண்ட். இது ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா 500 ஹெர்ட்ஸ், 1500, 2500னு அங்கங்க ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டு அமுங்கிடும். 500 எங்க இருக்கு? மிடில் சி-க்கு மேல இருக்கிற பி, நம்ம கணக்குல 7 கட்டை, 494 ஹெர்ட்ஸ். மெலடி வாசிக்கிற இடமே அதான்! அங்க ஓட்டை விழுந்தா என்ன மிஞ்சும்?

ஹெட்ஃபோன்ல கேட்டா இது தெரியவே தெரியாது. அதனால கடைல ஹெட்ஃபோன் மாட்டி பியானோ தேர்ந்தெடுக்கிறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். ஒரே ஒரு ஸ்பீக்கர். அது முன்னாடி உக்காந்து, ஒரே அழுத்தத்துல, சி3லேர்ந்து சி6 வரைக்கும் ஒவ்வொரு கீயா, கறுப்பு வெள்ளை எதையும் விடாம வாசிங்க. நடுவுல சில ஸ்வரம் திடீர்னு மெலிஞ்சு மூக்கால பாடும். அது எந்தப் பேட்ச்ல கம்மியோ அதை எடுங்க. மோனோ கிராண்ட்னு தனியாப் பேட்ச் இருந்தா முதல்ல அதைப் பாருங்க.

இல்லையா? இப்போ ஜாக் விஷயத்துக்கு வர்றேன், இதைப் பத்தி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. பின்னாடி எல்/மோனோனு ஒரு சாக்கெட், ஆர்னு ஒரு சாக்கெட் இருக்கும். எல்-ல மட்டும் கேபிள் சொருகினா கீபோர்டே உள்ள ரெண்டையும் கலந்து அனுப்பும். அந்தக் கலவைதான் வில்லன். முதல்ல கேபிளை ஆர்-ல மட்டும் சொருகிப் பாருங்க. பெரும்பாலான மாடல்ல வலது பக்கம் மட்டும் சுத்தமா வரும், செலவே இல்ல. வலதுல பேஸ் மெலிஞ்சு கேட்டா இடது வேணும். அப்போ எல்-ல கேபிள், ஆர்-ல ஒரு வெத்து ஜாக். 6.35 மில்லிமீட்டர், உள்ள ஒயரே கிடையாது. ரிச்சி தெருவுல 40 ரூபா குடுத்தா வாங்கிடலாம். அதைக் கடைசி வரைக்கும், டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும். அரைகுறையா நின்னா உள்ள இருக்கிற சுவிட்ச் திறக்காது, கலவை தொடரும். மிடில் சி-க்கு மேல இருக்கிற அந்த பி-யை அழுத்திக்கிட்டே ஜாக்கை உருவுங்க, சொருகுங்க. சத்தத்தோட உடம்பு மாறுறது காதுக்கே தெரியும். 40 ரூபாய்க்கு இப்படி ஒரு மாற்றத்தை வேற எந்தச் சாமானும் குடுக்காது, அடிச்சுச் சொல்றேன்.

ஆனா ஒண்ணு, பிங்பாங் டிலே, ரோட்டரி ஆர்கன் மாதிரி இடம் வலம் ஓடுற பேட்ச்ல பாதி காணாமப் போயிடும். அதெல்லாம் வாசிக்கிற கச்சேரின்னா அந்தப் பேட்ச்களையும் இதே மாதிரி முன்னாடியே கேட்டுருங்க.

எந்தப் பியானோ? பேண்டுக்கு எனக்குப் பிடிச்சது பளிச்னு இருக்கிறது. யமஹா சிபி88 கீபோர்டுல சிஎஃப்எக்ஸ் கிராண்ட் பியானோ சத்தத்துக்குத்தான் என் ஓட்டு. அதுல போசன்டோர்ஃபர் இம்பீரியலும் இருக்கு, நிஜப் பியானோ 290 சென்டிமீட்டர் நீளம், 97 கீ. தனியா வாசிக்க அமிர்தம். பேஸ் கிட்டார் பக்கத்துல வந்தா அந்தக் கீழ் ஸ்தாயி முழுக்க முட்டிக்கும். நார்ட் கம்பெனி கீபோர்டு வச்சிருக்கிறவங்க பியானோ ஃபைல்ல பெரிய எக்ஸ்எல் சைஸ்தான் வேணும்னு அடம் பிடிக்காதீங்க. நார்ட் ஸ்டேஜ் 3 மாடல்ல பியானோவுக்கு 2 ஜிபி மெமரிதான். கச்சேரிக்கு நடுத்தர எம் சைஸே போதும்.

ஈக்யூ, அதாவது சத்தத்துல எந்தப் பகுதியைக் கூட்டணும் குறைக்கணும்ங்கிறது, சுருக்கமா: 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுங்க, 250 பக்கம் 3 டிபி குறைங்க. ரிவெர்ப் பூஜ்யம். மண்டபமே போதுமான அளவு எதிரொலிக்குது, நீங்க வேற ஏன்?

டச் கர்வ், அதாவது உங்க கை அழுத்தத்தைக் கீபோர்டு எப்படி எடுத்துக்கணும்ங்கிற செட்டிங், இன்னும் முக்கியம். ஸ்டேஜ்ல உங்களுக்குக் கேக்குற மானிட்டர் ஸ்பீக்கர் சத்தம் குறைஞ்சா கை தானா ஓங்கும். வெலாசிட்டி, அதாவது அழுத்தத்தோட நம்பர், எப்பவும் 110க்கு மேல நின்னா, சாம்பிள்ல கடைசி லேயர், அந்தக் கத்துற லேயர் மட்டும்தான் கேக்கும். லேப்டாப்ல அந்த நம்பரைக் காட்டுற ஒரு மிடி மானிட்டர் சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்க. மெதுவா வாசிச்சா 40 பக்கம், சாதாரணமா 70 பக்கம், ஓங்கினா மட்டும் 110 வரணும். எல்லாமே மேல நின்னா ஹெவி கர்வுக்கு மாத்துங்க.

அட, ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கிற சஸ்டெயின் பெடலைச் சொல்லாமத் தாண்டி வந்துட்டேன். பெடலைச் சொருகிட்டுத்தான் பவர் போடணும், போடும்போது கால் அது மேல இருக்கவே கூடாது. பல மாடல் அந்த நொடிலதான் பெடலோட திசையைப் படிக்குது. தப்பாப் படிச்சா கால் எடுத்தா சஸ்டெயின், வச்சா கட். பாதி அழுத்தினா பாதி மட்டும் நீளுற ஹாஃப் பெடல் வேணும்னா யமஹா எஃப்சி3ஏ மாதிரித் தொடர்ச்சியாப் படிக்கிற பெடல் வேணும். சாதா ஆன்-ஆஃப் பெடல்ல அது நடக்காது.

இப்போ ட்யூனிங். ஆர்மோனியமும் புல்லாங்குழலும் உங்களுக்காக மாறாது, நீங்கதான் மாறணும். உங்க கீபோர்டை ஆர்கன் சத்தத்துக்குக் கொண்டு போங்க, பியானோ தேஞ்சு போயிடும், ஒப்பிட முடியாது. ஆர்மோனியத்துல 6 கட்டை, உங்ககிட்ட அதே ஏ, ரெண்டும் சேர்த்து அழுத்துங்க. வூம் வூம்னு ஒரு அலை கேக்கும். செகண்டுக்கு ரெண்டு அலைன்னா ரெண்டு ஹெர்ட்ஸ் வித்தியாசம். மொத்தக் கீபோர்டோட சுதியை மாத்துற மாஸ்டர் ட்யூனை மெதுவா ஏத்துங்க. அலை நிதானமானா சரியான திசை, வேகமானா எதிர்த் திசை. 442 ஹெர்ட்ஸ்ல நின்னுச்சுன்னா வழக்கமான 440லேர்ந்து கிட்டத்தட்ட 8 சென்ட் (அரை ஸ்வரத்துல நூறுல ஒரு பங்குதான் ஒரு சென்ட்). காதுல உறுத்துற அளவு அது.

ஸ்ட்ரெச் ட்யூனிங்னு ஒண்ணு மெனுல இருக்கும். நிஜப் பியானோ கம்பி விறைப்பா இருக்கிறதால அதோட ஹார்மானிக்ஸ், அதாவது கூடவே ஒலிக்கிற மேல் ஸ்வரங்கள், கொஞ்சம் மேல ஏறி நிக்கும். அதுக்குத் தகுந்தாப்ல மேல் ஸ்தாயியை ஏத்தியும் கீழ் ஸ்தாயியை இறக்கியும் சுதி சேர்ப்பாங்க. உச்சில 20, 30 சென்ட் வரைக்கும் போகும். பியானோ தனியா வாசிச்சா ஆன்ல விடுங்க, அழகு அதுலதான் இருக்கு. நீளமா இழையுற வயலின் மாதிரிச் சத்தமான ஸ்ட்ரிங்ஸ் பேடோட சேர்த்து லேயர் பண்ணினாலோ, குழல் கூட மேல் ஸ்தாயில ஒரே ஸ்வரம் பிடிச்சாலோ ஆஃப் பண்ணிருங்க. இல்லன்னா அங்கயும் அதே வூம் வூம்.

மாஸ்டர் ட்யூன் பேட்ச்ல சேவ் ஆகாது, பெரும்பாலும் சிஸ்டம் செட்டிங். சில மாடல் அணைச்சுப் போட்டா 440க்கே திரும்பிடும். நடுவுல கரண்ட் போய் வந்தா அடுத்த பாட்டு எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த நம்பரைப் பார்த்துருங்க.