முதல் கல்லில் அவசரப்படாதீர்கள்

தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை காலை லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையைச் சுற்றி வருகிறவர்களுக்கு நான் பேசவந்த சாமான் புதிதல்ல. பழைய கடிகாரம், பித்தளைத் தாழ்ப்பாள், செல்லாத காசு, இவற்றுக்கு நடுவே மடக்குச் சவரக்கத்தி ஒன்று கிடக்கும். திறந்து பார்த்தால் துருவும் அழுக்கும். ஆனால் கத்திக்குப் பேர்போன ஊர்களான இங்கிலாந்தின் ஷெஃபீல்டு என்றோ ஜெர்மனியின் சோலிங்கன் என்றோ எழுத்து தெரிந்துவிட்டால் ஆசை பிறந்துவிடுகிறது. பேரம் பேசி வாங்கி, பளபளவென்று துடைத்து, தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் கன்னத்தில் வைத்தால் மயிரைப் பிடுங்குகிறது. "பழைய இரும்பு, இனி இதற்குக் கூர் வராது" என்று கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுகிறோம். இந்தப் பழியைத்தான் நான் மறுக்க வந்திருக்கிறேன். இரும்பில் குறை இருப்பது அரிது. கூர் தீட்டும்போது முதல் சாணைக்கல்லில் வேலையை முடிக்காமல் இரண்டாவது கல்லுக்குப் போனதுதான் குறை.

வாங்கும்போதே கொஞ்சம் கவனம் வேண்டும். கத்தியில் நாட்டின் பெயர் பொறித்திருந்தால் அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிச் சரக்கில் உற்பத்தி நாட்டைக் குறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் போட்ட சட்டம் 1891இல் அமலுக்கு வந்த பிறகு பரவிய வழக்கம் அது. வரலாறு பேச இது உதவும். தாடி மழிக்க உதவாது. அதற்குக் கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பைப் பாருங்கள். வாயோரம் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் துரு உள்ளே தின்றிருக்கிறது. கல்லில் வைத்ததும் அந்த இடம் பொடிந்து உதிரும். முதுகுப் பக்கத்துத் துரு அழகைக் கெடுக்கும், அவ்வளவுதான். விரிசல் கண்டால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

சமையல் கத்தி தீட்டத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் தடுமாறுகிறார்கள். அங்கே கோணத்தைக் கை முடிவு செய்கிறது. இங்கே கத்தியே முடிவு செய்கிறது. முதுகையும் வாயையும் ஒன்றாகக் கல்லில் படுக்க வைக்க வேண்டும். முதுகைத் தூக்கவே கூடாது. அலகு 16 மில்லிமீட்டர் அகலமும் முதுகு நாலரை மில்லிமீட்டர் தடிப்பும் இருந்தால், வாயில் இருபுறமும் சேர்ந்து சுமார் 16 பாகைக் கோணம் தானாக அமைகிறது. செய்தவன் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டான். நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும்.

இப்போது முதல் கல், 1000 நம்பர். நம்பர் கூடக்கூடக் கல் நைசாகும். கல் சமமாக இருக்க வேண்டும். அதன் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கண்ணாடித் தகட்டில் ஒட்டிய ஈர உப்புத்தாளில் தேயுங்கள். எல்லாக் கோடும் அழிந்தால் கல் சமம். அடுத்து, கத்தி வாயின் இருபுறமும் மார்க்கர் பேனாவால் மை பூசி, அழுத்தாமல் ஒரே ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். மை எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே கல் படவில்லை. முன்பு வைத்திருந்தவர் கோணலாகத் தீட்டியதெல்லாம் அந்த மையில் அம்பலமாகும். நுனியிலிருந்து அடிவரை இருபுறச் சாய்வுகளும் ஒரே கோட்டில் சந்திக்கும்வரை இந்தக் கல்லை விட்டு நகராதீர்கள். பொறுமை இழப்பதும் இங்கேதான்.

சந்தித்துவிட்டது என்று எப்படித் தெரியும்? வாயை மேல்நோக்கி நிமிர்த்தி விளக்கொளியில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். மொக்கையான இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கூரான இடத்தில் ஒளி பட்டுத் திரும்ப மேடை இல்லை. அங்கே எதுவும் தெரியாது. ஒரு கோடு மின்னினாலும் திரும்ப 1000க்கே போங்கள்.

மீதி வேகமாக நடக்கும். 4000, 8000, வசதி இருந்தால் 12000. ஒவ்வொன்றும் முந்தைய கல்லின் கீறலை அழிக்கிறது. புதிதாகக் கூர் எதையும் படைப்பதில்லை. மேலே போகப்போக அழுத்தம் குறைய வேண்டும். பெல்ஜியத்தின் கோட்டிகுல் போன்ற இயற்கைக் கல்லைப் புகழ்வோர் உண்டு. நல்ல கல்தான், ஆனால் தொடங்குகிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை. குரோமியம் ஆக்சைடு என்ற பச்சைப் பசையைத் தோல்வாரில் பூசினால் எல்லாம் சரியாகும் என்பாரும் உண்டு. 1000இல் முடியாத கத்திக்குப் பச்சைப் பசை, கிழிந்த சட்டைக்கு இஸ்திரி போட்ட கதைதான்.

கடைசியாகத் தோல்வார். கல்லில் வாய் முன்னே போகும். வாரில் முதுகு முன்னே போகும். மாற்றி இழுத்தால் வார் அறுந்துவிடும். திருப்பும்போது முதுகின் மேலேயே புரட்டுங்கள். வாரை விறைப்பாகப் பிடியுங்கள். தொய்ந்தால் வாய் உருண்டுவிடும். முன்பெல்லாம் முடிதிருத்தும் நாற்காலியோடு வாரும் தொங்கும். இன்று கடைகளில் ஆளுக்கொரு பிளேடு மாட்டுகிறார்கள். சுகாதாரத்துக்கு அதுவே சரி. ஆனால் அதோடு இந்தக் கைப்பழக்கமும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

மின்சாணைச் சக்கரத்தில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மெல்லிய அலகு நொடியில் சூடேறும். நீலம் பாய்ந்த இடத்தில் உருக்கின் பதம் போய்விடும். எந்தக் கல்லாலும் அதை மீட்க முடியாது.

நம் ஊர்க் காற்றுக்கு ஒரு வார்த்தை. கடற்கரைத் தீவு, எந்நேரமும் ஈரப்பதம். மழித்ததும் கத்தியைத் துடைத்து உலர்த்தி, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடிக்கும். குளியலறையில் வைப்பதும், ஈரக் கத்தியை மடித்து வைப்பதும் துருவை விருந்துக்கு அழைப்பதற்குச் சமம். சந்தையில் வாங்கியதை முதலில் சோப்பும் ஆல்கஹாலும் கொண்டு கழுவுங்கள். யார் கன்னத்தில் பட்டதோ தெரியாது.

மேசையில் மூன்று கத்திகள் வைத்திருக்கிறேன். ஒன்று 1000 கல்லில் பாதியில் நிறுத்தியது, ஒன்று முடித்தது, ஒன்று வாரும் இழுத்துத் தயாரானது. பூதக்கண்ணாடி பக்கத்திலேயே இருக்கிறது. வந்து பார்த்து, மின்னும் கோடு எதில் என்று நீங்களே சொல்லுங்கள். கட்டைவிரலை வைத்து மட்டும் பார்க்க வேண்டாம். என்னிடம் பிளாஸ்திரி இரண்டுதான் இருக்கிறது. நன்றி, வணக்கம்.