அந்தப் பாட்டி எத்தனை மேசையில் சொல்ல வேண்டும்?

எல்லோருக்கும் வணக்கம். தலைமை ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், வங்கியிலிருந்தும் வந்திருக்கிறீர்கள், குழந்தைகள் நலக் குழுவினர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் எச்.ஐ.வி. எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்ற பாடத்தை நான் நடத்தப் போவதில்லை. எய்ட்ஸால் அப்பா அம்மாவை இழந்த பிள்ளைகளுக்கு உதவி எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைத்தான் பேசப் போகிறேன்.

இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது நம்ம சென்னையில்தான், 1986இல், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கிற கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். நடுவில் பதினெட்டு வருஷம். அந்த இடைவெளியில் அப்பா அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைகளைப் பெரும்பாலும் பாட்டிகள்தான் வளர்த்தார்கள், எந்தத் துறையும் இல்லை. அன்றைக்கு இருந்த கவலை பிள்ளை பிழைக்குமா என்பது. இன்றைக்கு மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் பிழைக்கும், படிக்கும், கல்யாணமும் பண்ணிக்கொள்ளும். அப்போ மிச்சம் இருப்பதெல்லாம் மருந்து தீர்க்காத பிரச்சினைகள்: ஃபீஸ் யார் கட்டுவது, வீட்டுப் பத்திரம் யார் கையில் இருக்கிறது, பேங்கில் யார் கையெழுத்துப் போடுவது.

2017இல் ஒரு சட்டம் வந்தது, எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ‘பாதிக்கப்பட்ட குழந்தை’ என்றால் தொற்று உள்ள குழந்தை மட்டுமில்லை, பெற்றோருக்குத் தொற்று இருந்தாலோ, எய்ட்ஸால் பெற்றோரை இழந்திருந்தாலோ அந்தக் குழந்தையும் சேர்த்திதான். நம் ஆட்களுக்கோ மாத்திரை சாப்பிடுகிற பிள்ளை மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. டெஸ்டில் நெகட்டிவ் என்று வந்த பிள்ளைக்கு ‘அதான் ஒண்ணும் இல்லையே’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஒண்ணும் இல்லைதான், அப்பாவும் இல்லை.

சரி, உதவியே கிடையாதா? இருக்கிறது. மிஷன் வத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு, கிராமத்தில் குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000க்குள், நகரத்தில் 96,000க்குள் இருக்க வேண்டும். எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென்றே தமிழ்நாடு அரசு ஒரு அறக்கட்டளையும் வைத்திருக்கிறது. பணம் பாட்டி கைக்கு வந்து சேருகிற வழியைத்தான் பார்க்க வேண்டும்.

இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு இ-சேவை மையத்துக்கும் வி.ஏ.ஓ. ஆபீஸுக்கும் அந்தப் பாட்டி அலைகிறார். அங்கே ஒருவர், கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, சும்மா கேட்கிறார்: “மகன் எதனால செத்தாரும்மா?” பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள், அதில் ஒருவர் சம்பந்தி வீட்டுத் தெருக்காரர். பாட்டி பையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். நாம் அறிக்கையில் ‘பயனாளிகளிடம் விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதுகிறோம். விழிப்புணர்வெல்லாம் ஏகப்பட்டது இருக்கிறதுங்க, அதனால்தான் அவர் திரும்பிப் போனார்!

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான், அந்த நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய மேசைகளைக் குறையுங்கள். சம்மதமில்லாமல் ஒருவரின் எச்.ஐ.வி. நிலையைச் சொல்லவைக்கக் கூடாது என்பது சட்டம். பாட்டி சம்மதித்தால் கூட்டு மருந்து மையத்தின் ஆலோசகரே காகிதங்களை உறையிலிட்டு நேராக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பட்டும், ஒரே மேசையோடு முடியட்டும். தமிழ்நாடு அரசு 2025இல் கொண்டுவந்த அன்புக் கரங்கள் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான், பெற்றோர் இல்லையென்றால் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய், என்ன நோயால் போனார்கள் என்பது அங்கே ஒரு நிபந்தனையே இல்லை.

அப்புறம் வங்கிக்காரர்களுக்கு. பதினைந்து வயது அக்கா, ஒன்பது வயது தம்பி, பெரியவர்கள் யாரும் இல்லை. கவுன்டரில் “மேஜரான யாரையாவது கூட்டிட்டு வாம்மா” என்கிறீர்கள். நான் முதலில் சொன்ன 2017 எச்.ஐ.வி. சட்டத்தின் 32ஆம் பிரிவைப் படியுங்கள். 12 வயது நிரம்பிய, விவரம் தெரிந்த பிள்ளை, தன் தம்பி தங்கைக்குப் பாதுகாவலராகப் பள்ளியில் சேர்க்கலாம், சிகிச்சைக்குக் கூட்டிப்போகலாம், வங்கிக் கணக்கையும் கையாளலாம். பள்ளிக்கூடங்களுக்கும் இதே பிரிவுதான், அக்கா கொண்டு வந்து சேர்க்கிறாள் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சொத்து விஷயம் இன்னும் மோசம். காரியம் முடிந்த கையோடு சித்தப்பா வருவார், “பத்திரத்த எங்கிட்ட குடும்மா, பத்திரமா இருக்கும்” என்பார். அதே சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி அந்த ஆவணங்களைக் குழந்தைகள் நலக் குழுவிடமே ஒப்படைத்துப் பாதுகாக்கலாம், பிள்ளையே நேரில் வந்தும் கேட்கலாம். முன்வரிசையில் இருக்கிறவர்களைத்தான் கேட்கிறேன், நாளைக்கே ஒரு பிள்ளை பத்திரத்தோடு வந்து நின்றால் வாங்கி வைக்க உங்கள் ஆபீஸில் பூட்டுள்ள பீரோ இருக்கிறதா, ரசீது புத்தகம் இருக்கிறதா? இல்லையென்றால் இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள். 16, 32 இரண்டு பிரிவுகளின் நகலும் வாசல் மேசையில் இருக்கிறது, தேநீர் குடிக்கப் போகும்போது ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள்.