அடுத்த அணி ஆடும்போது நாம் எங்கே பார்க்கிறோம்? – டாலஸ் சியர் சீசன் பேச்சு

வணக்கம் மக்களே. சியர் சீசன் இப்போது உச்சத்தில் இருக்கிறது. சனிக்கிழமை விடிந்தால் வீடு முழுக்க ஹேர் ஸ்ப்ரே வாசனைதான். செலவைப் பற்றிப் பேசுங்கள், யூனிஃபார்மைப் பற்றிப் பேசுங்கள் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள், அதை இன்னொரு நாள் பார்க்கலாம். போட்டி நடக்கும் இடத்தில் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்கிறார்கள், பெற்றோர் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது.

முதல் முறை பார்க்கிறவர்களுக்காக ஒரு நிமிடம். சியர்லீடிங் என்றால் நம் ஊரில் ஐபிஎல் மைதானத்தின் ஓரத்தில் ஆடுகிறவர்கள்தான் ஞாபகம் வரும். எங்கள் பிள்ளைகள் ஆடுகிற ஆல் ஸ்டார் சியர் அது இல்லை. இங்கே யாருக்காகவும் ஆரவாரம் செய்வது கிடையாது. தனியார் ஜிம்மில் வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்து, போட்டிக்கென்றே ஆடுகிறார்கள். 54 அடிக்கு 42 அடி ஸ்பிரிங் மேட், அதாவது அடியில் ஸ்பிரிங் வைத்த ஆடுதளம், இரண்டரை நிமிடம். டம்ப்ளிங் (பல்டி அடிப்பது), ஸ்டண்ட் (ஒருவரைத் தூக்கி நிறுத்துவது), பிரமிட் (பல ஸ்டண்ட்கள் இணைந்து நிற்பது), ஜம்ப், நடனம் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். 2021-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே சர்வதேச சியர் யூனியனுக்கு முழு அங்கீகாரம் கொடுத்துவிட்டது. ஆகவே இது விளையாட்டா என்ற கேள்வியை விட்டுவிடலாம்.

இந்த விளையாட்டில் ஒரு விசேஷம் உண்டு. மேட்டில் எதிரணி என்று யாருமே கிடையாது. கபடியில் காலைப் பிடித்து இழுக்கலாம், ஃபுட்பாலில் பந்தைப் பறிக்கலாம். இங்கே ஓர் அணி ஆடி இறங்கும், அடுத்த அணி ஏறும், நடுவர்கள் மதிப்பெண் போடுவார்கள். அடுத்த ஜிம் பிள்ளைகளை நம் பிள்ளைகள் எதுவுமே செய்ய முடியாது. அப்படியிருந்தும் ஒரு காலத்தில் பகை தீராத பகையாக இருந்திருக்கிறது. சின்ன வயதில் தானே ஆடி வளர்ந்த ஒரு கோச் இதையெல்லாம் கதை கதையாகச் சொல்வார். வார்ம்-அப் நடைபாதையில் எதிரெதிரே வந்தால் முறைத்துக்கொள்வார்களாம். பரிசளிப்பில் இரண்டாம் இடம் என்று அறிவித்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போவார்களாம். ஜிம் மாறிப் போன பிள்ளையோடு பழைய தோழிகள் பேசவே கூடாதாம்.

இப்போது எப்படி இருக்கிறது தெரியுமா? இந்த சீசனில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகள் கறுப்புத் திரைக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கிறார்கள், அடுத்து அவர்கள்தான். மேட்டில் வேறொரு ஜிம். பிரமிட் ஏறுகிற நேரத்தில் நடுவில் இருந்த ஃப்ளையருக்கு, அதாவது மேலே நிற்கிற பெண்ணுக்கு, கால் நழுவியது. கீழே இருந்து தூக்குகிற பேஸ்கள் இரண்டு பேரும் அவளை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துவிட்டார்கள். பின்னால் நின்ற பேக்ஸ்பாட் தலை தரையில் படாமல் தோளைத் தாங்கிக்கொண்டாள். அடி எதுவும் இல்லை, ஆனால் பிரமிட் போச்சு. பாட்டு நிற்காது. அந்தப் பெண் எழுந்து நின்றாள், பாட்டின் எந்தக் கவுன்ட்டில் (தாள எண்ணிக்கையில்) சேர்வது என்று தெரியாமல் முழித்தாள். அப்போது திரைக்குப் பக்கத்தில் இருந்து எங்கள் பிள்ளைகள் கவுன்ட் சொல்லிக் கை தட்ட ஆரம்பித்தார்கள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. கோச் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அரங்கமே சேர்ந்து தட்டியது. அவள் நடனப் பகுதியில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

அவர்கள் எங்கள் பிரிவுதான். அவர்கள் விழுந்தால் எங்களுக்குத்தான் லாபம். அது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாமலா இருக்கும்? என் மகள் பேஸ். தன் தலைக்கு மேலே ஒரு பெண் நழுவும்போது வயிற்றில் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தவர்களால் சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததில்லை. ஒரு பிழைகூட இல்லாமல், எந்த மதிப்பெண் கழிவும் இல்லாமல் ஆடி முடிப்பதை ‘ஹிட் ஜீரோ’ என்பார்கள். இப்போது பிள்ளைகள் முதலில் கேட்பது அதைத்தான். நான்காம் இடம் வந்த அணி ஹிட் ஜீரோ என்று குதிப்பதையும், முதலிடம் வந்த அணியில் ஒருத்தி தன் டம்ப்ளிங் போச்சே என்று அழுவதையும் ஒரே மேட்டில் பார்க்கலாம். அப்புறம் கோவிட். 2020-21 சீசனில் பல போட்டிகள் வீடியோவிலேயே நடந்தன. ஆளில்லாத ஜிம்மில், கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு ஆடினார்கள். எதிரே கை தட்ட யாராவது இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்தத் தலைமுறைக்கு நன்றாகவே தெரியும்.

கோச்சைப் பார்க்கும் விதமும் மாறிவிட்டது. 2022-இல் தெற்கு கரோலினாவில் தொடங்கிய பாலியல் துன்புறுத்தல் வழக்குகள் சியர் உலகத்தையே உலுக்கிப் போட்டன. கோச் சொன்னால் வேதவாக்கு என்று பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போன பெற்றோர்கள் இப்போது கேள்வி கேட்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

சரி, பிள்ளைகள் இவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள். நாம்?

பெரிய போட்டிகளில் மேடைக்கு நேர் முன்னால், ஆடுகிற அணியின் பெற்றோருக்கென்று ஓர் இடம் விடுவார்கள். நம் பிள்ளைகள் ஏறும்போது உள்ளே போய்க் கத்தலாம், முடிந்ததும் அடுத்த அணியின் பெற்றோருக்கு வழி விட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் வெளியே வந்ததும் பாதிப் பேர் மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஃபோனில் தன் பிள்ளையின் வீடியோவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பத்தடி தூரத்தில் இன்னொருவர் வீட்டுப் பிள்ளை அந்தரத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறது. இரண்டரை நிமிடம்தானே, திரும்பி நின்று பாருங்கள்.

அதைவிட எனக்குக் கோபம் வருவது அடுத்த ஜிம் பிள்ளை விழுவதைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் மேல். விழுகிற கிளிப்புக்கு டிக்டாக்கில் வியூஸ் கொட்டுகிறது, தெரியும். அந்தப் பிள்ளைக்குப் பதினொரு வயது. திங்கட்கிழமை அது பள்ளிக்கூடம் போக வேண்டும். உங்கள் பிள்ளை விழுந்ததை யாரோ முன்பின் தெரியாத ஒருவர் பாட்டுப் போட்டு, சிரிக்கிற எமோஜி வைத்துப் பரப்பினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என் சேனலில் மற்ற அணியின் ரொட்டீன் ஒரு நொடிகூட வராது. எங்கள் அணியில் யாராவது விழுந்திருந்தால், அந்தப் பிள்ளையும் அதன் பெற்றோரும் சரி என்று சொன்னால்தான் அதுவும் வரும்.

அணிக்கு உள்ளேயும் ஒரு சண்டை உண்டு, அதுதான் ஃப்ளையர் சண்டை. மேலே நிற்கிற பிள்ளைதான் படத்தில் தெரியும், அதனால் எல்லா அம்மா அப்பாவுக்கும் தன் பிள்ளை ஃப்ளையர் ஆக வேண்டும். ‘உங்கள் பெண் ஏன் கீழேயே இருக்கிறாள்?’ என்று என்னிடமே ஒருவர் துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டார். கீழே இருக்கிறவள்தான் பிடிக்கிறவள். ஸ்டண்ட் முடிந்து எழும்போது மணிக்கட்டும் தோளும் சிவந்திருக்கும், அது எந்தப் படத்திலும் வராது. பேஸ் பிள்ளைகளின் பெற்றோரே, இந்த சீசனில் உங்கள் பிள்ளையின் கையைப் படம் எடுத்து வையுங்கள்.

நம் தமிழ் வீடுகளுக்கு இன்னும் ஒன்று. பிள்ளை மேட்டில் இருந்து இறங்கி வந்ததும், ‘எத்தனையாவது இடம்?’ என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். நாம் ரேங்க் கார்டு பார்த்து வளர்ந்தவர்கள், வாயில் தானாகவே வந்துவிடும். ‘எல்லாரையும் பிடிச்சீங்களா?’ என்று கேட்டுப் பாருங்கள். என் மகள் கார் வீட்டுக்கு வரும்வரை பேசுவாள்.

மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் கோச்சிடம் சொல்லுங்கள். நடுவர் மேசைப் பக்கம் போகவே போகாதீர்கள். அணியின் பெற்றோர் நடத்தைக்கும் கோச்தான் பொறுப்பு என்று பெரிய போட்டிகளின் விதியிலேயே இருக்கிறது. மோசமாக நடந்துகொண்டால் அணியையே தகுதி நீக்கம் செய்யலாம். உங்கள் கோபத்துக்கு இருபது பிள்ளைகளின் ஒரு வருஷ உழைப்பு பலியாகிவிடும்.

ட்ரை-அவுட், அதாவது அடுத்த சீசன் அணிக்கான தேர்வு, நெருங்குகிறது. ஜிம் மாற்ற நினைக்கிறவர்கள் சீசன் முடிந்ததும் பழைய கோச்சிடம் நேரில் சொல்லிவிட்டு மாற்றுங்கள், குறுஞ்செய்தி வேண்டாம். எந்த லெவலுக்கு (திறன் நிலைக்கு) முயற்சி செய்யலாம், என்னவெல்லாம் தயார் செய்ய வேண்டும் என்பதுதான் அடுத்த வீடியோ. கேள்விகளைக் கீழே எழுதுங்கள். பார்க்கலாம்.