லாரி டயருக்குக் காற்றடிக்கும்போது எங்கே நிற்க வேண்டும்?

[காட்சி: நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடை, இரவு. கம்ப்ரஸர் ஓடும் சத்தம்.]

வணக்கம். சேலத்திலிருந்து நாமக்கல், கரூர் வழியாக மதுரைக்குப் போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ராத்திரி எத்தனை மணிக்குப் போனாலும் ஏதாவது ஒரு பஞ்சர் கடையில் விளக்கு எரியும். ஒரு பல்பு, ஒரு கம்ப்ரஸர், அடையாளத்துக்கு வாசலில் ஒரு பழைய டயர். உள்ளே இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர். டயரைக் கழற்றி, டியூபை ஒட்டி, திரும்ப மாட்டிக் காற்றடித்துக் கொடுத்தால் வண்டி கிளம்பிவிடும்.

அதில் கடைசி வேலை, காற்றடிப்பது. பார்த்தால் சுலபமான வேலை. அதனால்தான் பல கடைகளில் "தம்பி, நீ காத்தடி" என்று புதிதாகச் சேர்ந்த பையனிடம் விடுகிறார்கள். ஆனால் அந்தக் கடையில் ஒரு நொடியில் உயிரை எடுக்கக்கூடிய வேலை அதுதான். எப்படி என்று பார்ப்போம்.

[காட்சி: ரிம், டயர், டியூப், இரும்பு வளையம், தனித்தனியாகத் தரையில்.]

கார் சக்கரத்தின் ரிம் ஒரே துண்டு. டியூப் போட்ட பழைய வகை லாரி ரிம் அப்படி இல்லை. லாரி டயரின் விளிம்புக்குள் கெட்டியான இரும்புக் கம்பிகள் ஓடுகின்றன. அதை வளைத்து ரிம்முக்குள் தள்ளுவது பெரும்பாடு. அதனால் ரிம்மின் ஒரு பக்கம் திறந்தபடி இருக்கும். டயரை நுழைத்த பிறகு அந்தப் பக்கத்தை ஒரு இரும்பு வளையத்தால் பூட்டுவார்கள். இதுதான் லாக் ரிங். இதற்குப் போல்ட் கிடையாது, நட் கிடையாது. ரிம்மில் உள்ள பள்ளத்தில் வளையம் உட்கார்ந்திருக்கும். உள்ளே ஏறும் காற்று டயரைத் தள்ள, டயர் வளையத்தைப் பள்ளத்தோடு இறுக்கும்.

சரி, வளையம் பள்ளத்தில் முழுசாக உட்காரவில்லை என்றால்? பள்ளம் துருவேறி அரித்துப்போயிருந்தால்? வேறு ரிம்மின் வளையத்தை "இதுவும் சேரும்" என்று மாட்டியிருந்தால்? இறுக்க வேண்டிய அதே காற்று வளையத்தைத் தூக்கி எறியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 110 பவுண்டு காற்று என்று சொல்கிறோம். அப்படியென்றால் டயருக்குள் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் சுமார் 50 கிலோ தள்ளுகிறது. சதுர அங்குலம் என்றால் ஒரு தபால்தலை அளவு இடம். 50 கிலோ என்றால் ஒரு சிமெண்ட் மூட்டை. லாரி டயரின் பக்கவாட்டில் அப்படி நூற்றுக்கணக்கான தபால்தலைகளை ஒட்டலாம். அத்தனை மூட்டையும் சேர்ந்து ஒரே திசையில் தள்ளுவதை நினைத்துப் பாருங்கள். கை வைத்துத் தடுக்க முடியாது, விலகி ஓடவும் நேரம் இருக்காது.

[காட்சி: படுக்க வைத்த சக்கரம். வளையத்திலிருந்து நேர் மேலே சிவப்பு அம்புக்குறி.]

வளையம் பறக்கும் பாதையைக் கவனியுங்கள். சக்கரம் படுத்திருந்தால் நேர் மேலே. நிறுத்தி வைத்திருந்தால் பக்கவாட்டில். காற்றடிப்பவர் எங்கே இருக்கிறார்? சக்கரத்தின் மேல் குனிந்து, ஒரு கையால் ஹோஸை வால்வில் அழுத்திப் பிடித்தபடி. அந்தப் பாதைக்கு நேராக அவர் முகம்.

கடைக்காரர்களுக்கு இது தெரியாது என்று நான் சொல்லவில்லை. நன்றாகவே தெரியும். அதனால்தான் வளையத்தைத் தரைப்பக்கம் கவிழ்த்து வைக்கிறார்கள், ரிம்மின் ஓட்டை வழியாகச் சங்கிலி கோக்கிறார்கள், லாரிக்கு அடியில் தள்ளி வைத்து அடிக்கிறார்கள். ஆனால் கவிழ்த்து வைத்தால் வளையத்துக்குப் பதில் சக்கரமே மேலே எகிறும். அந்த வேகத்தைத் தாங்குமா என்று சங்கிலியை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

இதற்குச் சரியான வழி இரும்புக் கூண்டு. அமெரிக்காவில் 1980-லேயே இதைச் சட்டமாக்கிவிட்டார்கள்: இப்படிப்பட்ட சக்கரத்துக்குக் கூண்டு மாதிரித் தடுப்புக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும். ஹோஸின் முனை வால்வைத் தானே கவ்விக்கொள்ள வேண்டும். மீட்டரும் காற்றைத் திறந்து மூடும் குழாயும் ஹோஸின் நடுவில் இருக்க வேண்டும். ஆள் பாதையை விட்டுத் தள்ளி நிற்கும் அளவுக்கு ஹோஸ் நீளமாக இருக்க வேண்டும். கூண்டின் மேல் சாயக்கூடாது. வெல்டிங்கில் விரிசல் விட்ட கூண்டைப் பயன்படுத்தக்கூடாது.

கூண்டு வாங்கப் பணம் இல்லையா? கவ்வும் முனையும் நீளமான ஹோஸும் வாங்குங்கள். இவற்றுக்குப் பெரிய செலவில்லை. கூண்டுக்கு இது ஈடாகாது, ஆனால் முகத்தைப் பாதையிலிருந்து விலக்கிவிடும்.

[காட்சி: சுத்தியலைத் தூக்கிய கை. அப்படியே நிற்கிறது.]

அப்புறம் இந்தச் சுத்தியல். காற்று ஏற ஏற வளையம் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால், தட்டி உட்கார வைப்பது பழக்கம். தயவுசெய்து வேண்டாம் அண்ணே. வால்வு ஊசியைக் கழற்றி முழுக் காற்றையும் இறக்கிவிட்டுக் கழற்றுங்கள், துருவைச் சுரண்டுங்கள், திரும்ப மாட்டுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும். ஓட்டுநர் திட்டினால் திட்டட்டும்.

டயர் மாட்டியிருக்கும்போது ரிம்மில் வெல்டிங் வைப்பதும் அதே அளவு ஆபத்து. காற்றை இறக்கியிருந்தாலும் சூட்டில் ரப்பரிலிருந்து கிளம்பும் வாயு தீப்பிடித்து வெடிக்கும்.

இதையெல்லாம் கண்காணிக்க யாராவது வருவார்களா? 1948-இன் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் பொருந்தியது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020-இன் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. இரண்டு பேர் கடைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் யாரும் வரமாட்டார். இது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. 14 வயதுக்குக் கீழ் யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்று 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். அது மூன்று பேர் கடைக்கும் உண்டு.

தமிழ்நாட்டில் ஓட்டுநர்களுக்கும் வண்டி பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் சேர்த்து ஒரு நல வாரியம் இருக்கிறது. 18 வயது முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். விபத்தில் இறந்தாலோ உறுப்பை இழந்தாலோ உதவித்தொகை உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கும் உண்டு. உங்கள் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

நாமக்கல் பக்கம் கடை வைத்திருப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் ஊரில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கனமான இரும்புக் குழாயை வளைத்து வெல்டிங் வைப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. சந்தையில் விற்கும் கூண்டின் அளவையும் கனத்தையும் காட்டி, பொறியாளர் ஒருவரை வைத்துக்கொண்டு, நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து போய்ப் பேசுங்கள்.

[காட்சி: கூண்டுக்குள் சக்கரம். தள்ளி நின்று மீட்டரைப் பார்க்கும் இளைஞர்.]