இருபது கண்ணியும் கடைசிவரை இருபதாகவே இருந்த கதை

வணக்கம். வழக்கமாகச் சமையலறையில் தொடங்கும் நான் இன்று மொட்டைமாடிக்கு வந்திருப்பதற்குக் காரணம், என் கையில் இருக்கும் இந்தச் சிறிய சதுரம்தான். தேநீர்க் குவளைக்கு அடியில் வைக்கும் விரிப்பு இது. கையகலம்கூட முழுதாக இல்லை. ஆனாலும் இதன் நான்கு பக்கங்களும் நேராக இருப்பதைத் தயவுசெய்து உற்றுப் பாருங்கள். சென்ற மாதம் இதே மாடியில் நான் காட்டிய ‘சதுரத்தை’ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அகலமாகத் தொடங்கி, மேலே போகப் போக ஒடுங்கி, சமோசாவைப் போல முடிந்ததே, அதைத்தான் சொல்கிறேன். அதன் பிறகு எட்டு முறை பின்னிப் பிரித்து, நேற்று மாலை ஒன்பதாவது முறையாகப் பின்னியதுதான் இது.

குரோஷே என்றால் ஒரே ஒரு கொக்கி ஊசி, ஒரே ஒரு நூல், அவ்வளவுதான். இரண்டு ஊசிகளைக் கொண்டு கம்பளிச் சட்டை பின்னுகிறார்களே, அது வேறு கலை. தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். பாம்பனில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நான் எங்கே போவது? அதனால்தான் பருத்தி நூலை எடுத்தேன். செயற்கை உல்லன் நூலில் பின்னிய விரிப்பின்மேல் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை வைத்தால் நூல் இளகிவிடும் என்பதும் ஒரு காரணம்.

இப்போது ஊசி வாங்கிய கதையைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எனக்குத் தேவைப்பட்டது 4 மில்லிமீட்டர் ஊசி ஒன்று. அதற்காகப் பேருந்து ஏறி இராமநாதபுரம் போய், அரண்மனைப் பக்கம் ஒரு கடையில் கேட்டால், தனியாகத் தர முடியாதாம்; பன்னிரண்டு ஊசிகள் கொண்ட பெட்டியாகத்தான் தருவார்களாம், விலை 480 ரூபாயாம். பன்னிரண்டால் வகுத்தால் ஓர் ஊசி 40 ரூபாய். நாற்பது ரூபாய்ப் பொருளுக்கு நான் ஏன் நானூற்றெண்பது கொடுக்க வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் பதில் சொல்லாமல் மின்விசிறியைப் பார்த்தார். வெறுங்கையோடு திரும்புவதென்றால் பேருந்துக் கட்டணமும் வீண் என்பதால் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் மற்ற பதினொன்றிலும் அளவு பளிச்சென்று தெரிகிறது. எனக்கு வேண்டிய ஊசியில் மட்டும் எண் அழிந்திருக்கிறது! மூன்றரைக்கும் நாலரைக்கும் இடையில் வைத்துப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன். அந்தப் பெட்டியில் இருந்த மெல்லிய எஃகு ஊசிகள் இரண்டு, எங்கள் கடற்காற்றில் மூன்றே வாரத்தில் துருப்பிடித்து, வெள்ளை நூலில் பழுப்புக் கறை ஏற்றத் தொடங்கிவிட்டன. அலுமினிய ஊசிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் இதைக் கவனத்தில் வையுங்கள்.

சமோசா ஏன் உருவானது என்பதற்கு வருகிறேன். நான் எதையும் எண்ணிச் செய்யாதவள் என்பது உங்களுக்குத் தெரியும்; உப்பைக்கூடக் கையளவாகவே போடுகிறேன். குரோஷே அப்படிப்பட்டவர்களை மன்னிப்பதில்லை. ஊசியால் நூலை வளைத்து இழுத்துப் போடும் ஒவ்வொரு பின்னலுக்கும் கண்ணி என்று பெயர். முதல் வரிசையில் 20 கண்ணிகள் இருந்தன. பத்தாவது வரிசையை எண்ணியபோது 11 இருந்தன. வரிசைக்கு ஒன்று வீதம் சரியாகக் காணாமல் போயிருந்தது. உயரமான கண்ணியைப் பின்னும்போது, ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும், வளையத்துக்குள் வளையமாக நூலை இழுத்து மூன்று சங்கிலிக் கண்ணிகள் போட வேண்டும். அந்த மூன்றும் சேர்ந்து முதல் கண்ணியாகக் கணக்கில் வரும். திரும்பி வரும்போது கடைசிக் கண்ணியை அந்தச் சங்கிலியின் உச்சியில்தான் குத்தி எடுக்க வேண்டும். ஆனால் அது பார்ப்பதற்குக் கண்ணி போலவே இருக்காது. ஓரமாகச் சாய்ந்து, தொங்கும் நூல் போலக் கிடக்கும். நான் அதை மதிக்காமல் திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

தொடக்கச் சங்கிலியைப் பற்றிச் சொல்லாமலேயே போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 20 உயரக் கண்ணிகள் வேண்டுமென்றால் 22 சங்கிலிக் கண்ணிகள் போட்டு, ஊசியிலிருந்து நான்காவதில் முதலில் குத்த வேண்டும். விட்டுவைத்த மூன்றும் ஒரு கண்ணி, மீதமுள்ள பத்தொன்பதிலும் பத்தொன்பது, ஆக இருபது. என்னைக் காப்பாற்றியது ஓர் ஊக்குதான். மூன்றாவது சங்கிலியைப் போட்டவுடன் அதில் ஊக்கை மாட்டிவிட்டால், திரும்பி வரும்போது ‘இங்கே குத்து’ என்று அதுவே காட்டிவிடும். கடையில் இதற்கென்றே வண்ண வண்ணப் பிளாஸ்டிக் வளையங்கள் விற்கிறார்கள். நான் இனி அந்தக் கடைக்குப் போவதாக இல்லை.

உயரக் கண்ணி என்று நான் சுற்றி வளைத்துச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்லும் குட்டைக் கண்ணியைத்தான் ஆங்கிலேயர்கள் டபுள் என்கிறார்கள். அமெரிக்கர்களின் டபுள், அதாவது நான் சொல்லும் உயரக் கண்ணி, ஆங்கிலேயர்களுக்கு டிரெபிள். இது தெரியாமல் ஆங்கிலேயர் முறையில் எழுதிய குறிப்பைப் படித்து நான் பின்னிய கைப்பேசி உறை, மீன் வாங்கக் கொண்டுபோகும் பை அளவுக்கு நீண்டுவிட்டது. குறிப்பில் சிங்கிள் என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

என் அப்பா வலை பொத்துவதைப் பழைய காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். ஏழாவது முயற்சியின்போது என் பின்னலைக் கையில் வாங்கி, “முடிச்சு எங்கேத்தா?” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் நம்பாமல் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தார். மூன்று வரிசைகள் அவர் கையோடு போயின. அவர்மேல் குற்றமில்லை. வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் தனி முடிச்சு உண்டு. ஓரிடத்தில் அறுந்தால் கிழிசல் அங்கேயே நிற்கும். குரோஷேயிலோ கடைசியாக ஊசியில் இருக்கும் ஒற்றை வளையம்தான் அத்தனையையும் பிடித்துவைத்திருக்கிறது. நூலை வெட்டி அந்த வளையத்துக்குள் இழுத்து இறுக்கும்வரை எதுவும் நிரந்தரமில்லை. எட்டு முறை பிரித்தும் ஒரு முழம் நூல்கூட வீணாகவில்லை என்பதும் அதனால்தான். 480 ரூபாய் கொடுத்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

இடையில் வட்டமும் ஒன்று முயன்றேன். குட்டைக் கண்ணியில் வட்டம் தட்டையாக வர, ஆறில் தொடங்கிச் சுற்றுக்கு ஆறாகக் கூட்ட வேண்டும்: 6, 12, 18, 24. நான் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 6, 12, 24, 48, 96 என்று போய்விட்டேன். இடம் போதாமல் விளிம்பு முழுவதும் நெளிந்து, குருசடைத் தீவுப் பக்கம் கடலுக்குள் இருக்கும் பவளத்தைப் போல ஆகிவிட்டது. இந்தப் பிழையை வேண்டுமென்றே செய்தவர்களும் இருக்கிறார்கள். டைனா தைமினா என்ற கணிதப் பேராசிரியர், காகிதத்தில் எளிதில் காட்ட முடியாத ஒரு வளைபரப்பை 1997-இல் இப்படித்தான் குரோஷேயில் பின்னிக் காட்டினார். பிறகு வெர்தைம் சகோதரிகள் அதே முறையில் பவளத்திட்டு முழுவதையும் நூலால் பின்னத் தொடங்கினார்கள். ஆகவே அந்த வட்டத்தை மட்டும் நான் பிரிக்கவில்லை, தொலைக்காட்சியின்மேல் வைத்திருக்கிறேன்.

அடுத்த காணொளியில் இதே விரிப்பில் இன்னும் மூன்று பின்னுவேன், ஏனென்றால் வீட்டில் நான்கு பேர் தேநீர் குடிக்கிறோம். மீதி ஊசிகளைப் பற்றிக் கேட்பீர்கள். துருப்பிடித்தவற்றைத் தூக்கி எறிந்தாயிற்று. ஆறு மில்லிமீட்டர் ஊசியை அம்மா எடுத்துக்கொண்டு, உள்பாவாடைக்கு நாடா கோக்க வைத்திருக்கிறார். அதற்கு ஊக்கு போதாதா என்று கேட்டேன். ஊக்குகளையெல்லாம் நான்தான் எடுத்துப் போய்விட்டேனாம்.