பிள்ளையின் மருத்துவச் செலவு யார் கணக்கில்?

நேயர்களுக்கு வணக்கம்.

மதுரை குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிற வழக்கறிஞர் நான். பரஸ்பர சம்மதத்தோடு பிரிய வருகிறவர்கள் நகை, சீர்வரிசை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்ப்பது என எல்லாவற்றையும் பேசி எழுதிவிடுவார்கள். பிள்ளைக்கு உடம்பு முடியாமல் போனால் யார் செலவு என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள். மாதாமாதம் தரும் ஜீவனாம்சத்திலேயே அதுவும் அடக்கம் என்று அப்பா நினைப்பார். அம்மா அப்படி நினைக்க மாட்டார்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மஞ்சள் பையை என் மேசையில் கவிழ்த்தார். பையனுக்கு வீசிங். இன்ஹேலர் பில், எக்ஸ்ரே கவர், மை மங்கிப்போன மருந்துக்கடைச் சீட்டுகள். பல சீட்டுகளில் தொகையே தெரியவில்லை. "மாசாமாசம் பணம் போடுறேனே, அப்புறம் என்ன?" என்றார் அப்பா. அவர் மறுமணம் செய்துகொண்டவர். இப்போதைய மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "கொடுக்க வேண்டாம்னு நான் சொல்லலைங்க. எப்ப, எவ்வளவு கேப்பாங்கன்னு தெரியாம சீட்டுப் பணம் கட்ட முடியாம நிக்கிறோம்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இந்துக்களுக்கான 1956ஆம் வருடத்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பை அப்பா, அம்மா இருவர் மேலும் வைக்கிறது. பராமரிப்பு என்பதில் மருத்துவச் செலவும் சேரும். மறுமணம் செய்தாலும் அந்தப் பொறுப்பு போய்விடாது. ராத்திரியில் பிள்ளையை பைக்கில் வைத்துக்கொண்டு கோரிப்பாளையம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர் அம்மாவின் இரண்டாவது கணவராகக்கூட இருப்பார். இந்தச் சட்டம் அவரிடம் பணம் கேட்கவில்லை. அவர் பாசத்தில் கொடுப்பதைக் காட்டி, பெற்ற தகப்பன் ஒதுங்குவது எனக்குப் பொறுக்காது.

அதனால் மனுவிலேயே தனியாக எழுதுங்கள். வருமானத்தைப் பார்த்து யாருக்கு எத்தனை பங்கு, பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பியபின் எத்தனை நாளில் பணம் வர வேண்டும் என்பது தெளிவாக இருக்கட்டும். அவசரத்துக்கு யார் சம்மதமும் கேட்டு நிற்க வேண்டாம். முன்கூட்டித் தெரிந்த ஆபரேஷன் என்றால் இருவரும் கலந்து பேச வேண்டும். அப்பாவின் கம்பெனி இன்ஷூரன்ஸில் பிள்ளை இருந்தால், அந்த அட்டையின் நகல் அம்மாவிடம் இருக்க வேண்டும். கைப்பணம் கட்டிவிட்டுப் பிறகு கிளெய்ம் செய்ய அசல் பில் கேட்பார்கள், அதைத் தொலைக்காதீர்கள்.

ரேஷன் கார்டையும் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்பம் எது என்று ரேஷன் கார்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். பிள்ளையின் பெயர் அப்பாவின் கார்டிலேயே கிடந்தால், ஆஸ்பத்திரியில் அம்மா தவித்துப்போவார். பெயர் மாற்றத்துக்கு அப்பா ஒத்துழைக்க வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே தீர்ப்பு வந்துவிட்டதா? அதனால் வழி அடைபடவில்லை. இந்து திருமணச் சட்டம் 26ஆவது பிரிவில், பிள்ளையின் பராமரிப்பு உத்தரவைப் பிறகும் மாற்றக் கேட்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.